ஆடு நிற்கவே மாட்டேன் என்கிறது, எப்படி வரைவது?

கட்டுத்தரை எழுதியது:

வணக்கம். மூன்று வருஷமாக இங்கே மற்றவர்கள் போடும் படங்களைப் பார்த்துவிட்டு லைக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள் நான். இதுதான் முதல் கேள்வி, கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. அம்மா மட்டும் தோட்டத்தில் இருக்கிறார், காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். போன வாரம் மாடு தண்ணீர் குடிக்கும் குளுதாடிப் பக்கத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு பிரிக்க ஆறு வாரம் ஆகுமாம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரியில் கணக்கு, பகலில் மாடு.

சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசு, அதன் இரண்டு மாதக் கிடாரிக்கன்று, நாலு வெள்ளாடு, அவை போட்ட ஏழு குட்டிகள், பதினொரு மயிலம்பாடிச் செம்மறி. கோழி எத்தனை என்று அம்மாவுக்கே தெரியாது. இத்தனை பேர் சுற்றி இருக்கும்போது வரையாமல் இருக்க முடியுமா? பையனின் பழைய டிராயிங் நோட்டும் ஒரு 2பி பென்சிலும் இருந்தன, ஆரம்பித்துவிட்டேன்.

டவுனில் நான் வரைவது பஸ் ஸ்டாண்டு ஆட்களைத்தான். தாராபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பாவம், அரைமணி நேரம் தூண் மாதிரி நிற்பார்கள். எனக்குப் பழக்கமான மாடல் அதுதான். இங்கே ஆட்டின் தலையை வரைந்துவிட்டு நிமிர்ந்தால் உடம்பு கிணற்றுமேட்டில் இருக்கிறது. குட்டிகளைச் சொல்லவே வேண்டாம். நோட்டில் நாற்பது பக்கம் போயிருக்கிறது, அதில் முப்பது பக்கம் காதும் கொம்பும் மட்டும்.

பசு அவ்வளவாக நகராது என்று அதற்கு மாறினேன். அது வேறு வம்பு. எப்படி வரைந்தாலும் நாலு கால் மேஜைக்குக் கொம்பு முளைத்த மாதிரிதான் வருகிறது. பின்னங்காலில் ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கழுதைக்கு எதுக்குக் கொம்பு வெச்சே?" என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நோட்டைத் தொடவில்லை.

செடிகொடிப் பக்கம் போகலாம் என்றால் அங்கேயும் திகைப்பு. இப்போது மாசிக் கடைசி. வாசல் வேம்பு பாதி இலையைக் கொட்டிவிட்டது, மீதிப் பாதியில் செம்பு நிறத்தில் கொழுந்து. கிளுவை வேலியில் ஓர் இலை இல்லை, முழுக்க முள்ளும் குச்சியும்தான். முருங்கை வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடக்கிறது. முள்ளுமுருங்கையில் சிவப்புப் பூ, அதில் மைனாக்களின் சண்டை. எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டே இருப்பதில் காபி ஆறிவிடுகிறது.

என் கேள்வி இரண்டுதான். அசைந்துகொண்டே இருக்கும் ஒன்றை எப்படிப் பிடிப்பது? பசுவின் பின்னங்காலில் நான் செய்யும் தப்பு என்ன? அந்த "மேஜை"யைக் கீழே இணைத்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சுவரெழுத்து எழுதியது:

தங்கச்சி, சிரிக்கவில்லை. நானும் மேஜை போட்டவன்தான்.

செங்கல்பட்டுப் பக்கம் முப்பது வருஷம் சுவர் விளம்பரம் எழுதினேன். உரம், சிமெண்ட், பீடி, தேர்தல் வந்தால் சின்னம். பசுவும் கன்றும் எத்தனை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அத்தனையும் ஒரே அச்சுப் பசு, ஒரே அச்சுக் கன்று. பிளெக்ஸ் வந்து தொழில் போனபிறகு, நிஜ மாட்டைப் பார்த்து வரையலாம் என்று ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். உங்களுக்கு வந்ததேதான் எனக்கும் வந்தது.

நிற்கிற மாடு என்று ஒன்று கிடையாது. அதைத் தேடாதீர்கள். ஆனால் மாடு செய்வதெல்லாம் நாலைந்து காரியம்தான். தலையைக் கீழே போடும், தூக்கும், ஈ கடித்தால் விலாப் பக்கம் திருப்பும், மூக்கை நக்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஒரு பக்கத்தில் ஒரே மாட்டை ஆறு இடத்தில் ஆரம்பியுங்கள். தலை திரும்பிவிட்டதா, அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்குங்கள். ஐந்து நிமிஷத்தில் அது பழைய நிலைக்கு வந்துவிடும். நீங்களும் பழைய படத்துக்கு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறில் இரண்டு தேறும். தேறாத நாலு வீண் இல்லை, அந்த இரண்டும் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

முதல் கோடு தலையில் போடாதீர்கள். நீங்கள் காதும் கொம்புமாக முப்பது பக்கம் சேர்த்ததற்குக் காரணமே அதுதான். இரண்டு காதுக்கும் நடுவில் ஆரம்பித்து, கழுத்து, திமில், முதுகு, இடுப்பு, வால் முளைக்கிற இடம் வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு. மூன்று விநாடி வேலை. அப்புறம் மாடு எங்கே போனாலும் அதன் நிலை உங்கள் தாளில் இருக்கும். உங்கள் மேஜையில் திமில் முதுகு நடுவில் ஒட்டகம் மாதிரி நிற்கிறது, அதையும் பாருங்கள். திமில் முன்னங்காலுக்கு நேர் மேலே வரவேண்டும்.

நேரமும் முக்கியம். காலை ஏழு மணிக்குப் போய் ஆட்டை வரைய உட்கார்ந்தால் ஆடு மேய்த்த ஆளாகத்தான் திரும்புவீர்கள். வெயில் ஏறட்டும். பதினொரு மணிக்கு மேல் நிழலில் படுத்து அசைபோட ஆரம்பிக்கும். அப்போது தலை, கழுத்து எல்லாம் சும்மா இருக்கும், கீழ்த்தாடை மட்டும் பக்கவாட்டில் அரைக்கும். தொண்டையைக் கவனியுங்கள். ஓர் உருண்டை கீழே இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். கொஞ்சம் பொறுத்து அடுத்த உருண்டை மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவே சில விநாடி தாடை நிற்கும். வாயை வரைவதற்கு அந்தச் சில விநாடிதான். தவறவிட்டால் அடுத்த உருண்டைக்குக் காத்திருங்கள், கட்டாயம் வரும்.

வீட்டில் அடைகோழி இருக்கிறதா? இருந்தால் அதைவிட நல்ல மாடல் உலகத்தில் இல்லை. இருபத்தொரு நாள் ஒரே இடம்.

ரப்பரை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வெளியே போங்கள்.

பிக்சல்தம்பி எழுதியது:

அக்கா, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள், வேண்டிய இடத்தில் நிறுத்தி அதைப் பார்த்து வரையுங்கள். ஆடு எங்கே ஓடினாலும் பிரச்சினை இல்லை. நான் என் நாயை அப்படித்தான் வரைகிறேன். இணைத்திருக்கிறேன்.

சுவரெழுத்து எழுதியது:

தம்பி, நாய்ப்படம் நன்றாக இருக்கிறது. ஆனால் மூக்கு பிள்ளையார் தும்பிக்கை அளவுக்கு வந்திருக்கிறது, பின்னால் உடம்பு எலிக்குட்டி மாதிரி. நாய் அப்படியா இருக்கும்? போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்திருக்கிறீர்கள். கேமரா கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், தள்ளி இருப்பதைச் சுருக்கும். போட்டோதான் வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், பாதி கோளாறு போய்விடும்.

மீதிக் கோளாறு வேறு. நிறுத்திய வீடியோவில் எல்லாமே ஒரே அளவு முக்கியமாகத் தெரியும், கயிறு, சாணி, பின்னால் நிற்கும் மொபெட் உட்பட. நேரில் பார்க்கும்போது கண்ணே தேவையில்லாததைத் தள்ளிவிடும். வீடியோ தப்பு என்று சொல்லவில்லை. கால் எந்த வரிசையில் விழுகிறது என்று பார்ப்பதற்கு அதுதான் நல்லது. படம் வரைய நேரில் போங்கள்.

ஊசிக்காரர் எழுதியது:

அம்மிணி, எனக்கு வரையத் தெரியாதுங்க. மகள் இங்கே படம் போடுவாள், அவள் கணக்கில்தான் எழுதுகிறேன். நாமக்கல் பக்கம் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பின்னங்கால் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது எனக்குத் தெரிந்த சமாச்சாரம்.

நீங்கள் மாட்டுக்கு மனுஷன் கால் போட்டிருக்கிறீர்கள். பின்னங்காலில் நடுவே பின்னால் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு இருக்கிறதே, அதை முழங்கால் என்று நினைத்துக்கொண்டு "ஏன் தலைகீழாக மடங்குகிறது" என்று குழம்பி, நேராக்கிவிட்டீர்கள். அது முழங்காலே இல்லைங்க. நம் குதிகால் அது. மாடு குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல் நுனியில் நடக்கிற பிராணி, குளம்பு என்பது நகம். நிஜ முழங்கால் மேலே, அடிவயிற்றுத் தோல் மடிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடக்கும்போது அந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், உள்ளே மடங்குவது தெரியும். மயிலைப் பசு என்றால் பழகிய ஆளைத்தான் தொட விடும், பக்கவாட்டில் நின்றே தொடுங்கள், பின்னால் போக வேண்டாம்.

அதே போல் முன்னங்காலில் நாம் "முட்டி" என்று சொல்வது அதற்கு மணிக்கட்டு. அம்மாவுக்கு முறிந்திருக்கிறதே, அதே இடம்.

இன்னொன்று. உங்கள் படத்தில் காது கொம்புக்கு மேலே இருக்கிறது. கொம்பு உச்சியில், காது அதற்குக் கீழே பக்கவாட்டில், கண்ணுக்குப் பின்னால். கண்ணையும் நெற்றிக்கு ஏற்றிவிட்டீர்கள், இறக்குங்கள். மேல்வாயில் முன்பல் போட்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது, தடித்த ஈறுதான். சிரிக்கிற மாடு காலண்டரில் மட்டும்தான் உண்டு.

எழுந்திருக்கிற படம் வேண்டுமானால் சொல்கிறேன். மாடு முதலில் முன்னங்காலை மண்டிபோட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கும். ஒரு கணம் முதுகு முன்னால் சரிந்து, சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். அப்புறம்தான் முன்னங்கால் எழும். குதிரைக்கு நேர்மாறு, முன்பக்கம் முதலில். இதை மாற்றி வரைந்தால் எந்தக் கிராமத்தானும் கண்டுபிடித்துவிடுவான்.

அம்மாவுக்கு விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

இலைநரம்பு எழுதியது:

மாட்டைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் வேம்புக்கு வருகிறேன். தஞ்சாவூரில் தாவரவியல் டீச்சர். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் போடும் இலையைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்தவள்.

முழு மரத்தை வரையாதீர்கள். உங்கள் உயரத்தில் கைக்கு எட்டுகிற ஒரு கொப்பைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு நூல் கட்டிவையுங்கள். தினமும் அதை மட்டும், பத்து நிமிஷம். மாசிக் கடைசி என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இன்றைக்குச் செம்பு நிறத்தில் தொங்குகிற கொழுந்து நாலைந்து நாளில் விறைத்து நிமிர்ந்து பச்சையாகிக்கொண்டு வரும். பங்குனி பாதிக்குள் மொட்டுக் கொத்து வந்துவிடும். வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் பறிக்கிற பூ அதுதான், அதற்கு முன்னால் வரைந்துவிடுங்கள்.

வேப்பிலையில் எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள். சிற்றிலையை நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் சமமாகப் போடுவார்கள். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள், அடிப்பக்கம் கோணல். நரம்புக்கு ஒரு பக்கம் அகலம், இன்னொரு பக்கம் ஒடுக்கம், முழு இலையும் கொடுவாள் மாதிரி வளைந்திருக்கும். அந்தக் கோணல் வந்துவிட்டால் ரம்பப்பல் நாலு குறைந்தாலும் அது வேப்பிலைதான்.

கிளுவை வேலியைக் கடைசிக்கு வைக்காதீர்கள், முதலில் அதை வரையுங்கள். நாலு மழை பெய்தால் தழைத்துவிடும், பிறகு குச்சி தெரியாது. குச்சிகளை வரைவதற்குப் பதிலாகக் குச்சிகளுக்கு நடுவே தெரியும் வானத்துண்டுகளை வரைந்து பாருங்கள். முக்கோணம், ஓட்டைச் சில்லு, உடைந்த வளையல் என்று என்னென்னவோ வடிவம் இருக்கும். துண்டுகள் சரியாக வந்தால் வேலி தானாக வந்துவிடும்.

முருங்கை எனக்கும் வராது. அதை யாராவது சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

கட்டுத்தரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாமக்கல் ஐயா, அந்த முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்! முப்பத்தெட்டு வருஷமாக மாட்டோடு வளர்ந்தவள், அது அங்கே இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். பசு ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான், விட்டுவிட்டது.

சுவரெழுத்து அண்ணா, அடைகோழி இருக்கிறது. சமையல்கட்டு மூலையில் பழைய மூங்கில் கூடை, அடியில் மணல், அதற்கு மேல் வைக்கோல், பதினொரு முட்டை. இடிக்குப் பயந்து அம்மா கூடையில் ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டிருக்கிறார். மாசியில் ஏது இடி என்று கேட்டால், "போட்டு வெச்சா என்ன, கோழி வாடகையா கேக்குது?" என்கிறார். நான் வந்தபோதே ஆறு நாள் ஆகியிருந்தது.

தினமும் மத்தியானம் அதன் முன்னால் உட்கார்கிறேன். முதல் நாள் ஒரு முறத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. மூன்றாம் நாள்தான் பார்த்தேன், அது இறகை விரித்து உட்காரவில்லை, உடம்பையே தட்டையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கழுத்து உள்ளே போய், கொண்டை மட்டும் முன்னால் தெரிகிறது. கொண்டையின் சிவப்பும் வெளுத்திருக்கிறது. கண் இமை கீழிருந்து மேலே மூடுகிறது, நம்மைப் போல மேலிருந்து இல்லை. கிட்டே கையை நீட்டினால் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகும். அந்தச் சிலிர்ப்பை வரைவதற்காக நான் அதை இரண்டு தடவை வம்புக்கு இழுத்தேன், மூன்றாம் தடவை கொத்து விழுந்தது. எனக்கு வேண்டியதுதான்.

காலையில் ஒரே ஒரு முறை இறங்கி வந்து தானியம் பொறுக்கி, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டுவிட்டுப் பரபரவென்று திரும்பிவிடுகிறது. அதை இன்னும் பிடிக்க முடியவில்லை.

குளிர்க்காரி எழுதியது:

அக்கா, இந்த இழையை நேற்று ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன், தூக்கம் போய்விட்டது. நான் இருப்பது வேல்ஸில், ஊர் சேலம். வீட்டுக்குப் பின்னால் செம்மறிப் பண்ணை. இப்போது இங்கேயும் குட்டி போடுகிற காலம்தான். இங்கத்திய ஆட்டைப் பார்த்தால் உங்கள் மயிலம்பாடி சிரிக்கும், உடம்பு முழுக்கக் கம்பளி மூட்டை. உள்ளே எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பண்ணைக்காரர் தாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் முதுகில் ஒரே எண்ணை நீலச் சாயத்தால் அடித்துவிடுகிறார். வரைகிறவளுக்கு அது பெரிய உதவி, 47 நகர்ந்தாலும் 47தான் என்று தேடிப் பிடித்துவிடலாம். நீங்களும் உங்கள் ஆட்டுக்கு ஏதாவது அடையாளம் கட்டிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் ஹென்றி மூர் என்று ஒரு சிற்பி இருந்தார். பெரிய பெரிய வெண்கலச் சிலைகள் செய்தவர். 1972இல் ஒரு கண்காட்சிக்காகச் சிலைகளையெல்லாம் கட்டி அனுப்பும் வேலை நடந்ததால் பட்டறையில் அவருக்கு வேலை ஓடவில்லை. சின்ன அறை ஒன்றில் ஒதுங்கி, ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த செம்மறிகளைச் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவால் வரைந்துகொண்டே இருந்தார். முதலில் அவருக்கும் அவை தலையும் நாலு காலும் வைத்த கம்பளி உருண்டைகளாகத்தான் தெரிந்தனவாம். போகப் போகத்தான் ஒவ்வொன்றும் தனித்தனி ஆடாகத் தெரிந்தது. அவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்? பேனா யோசனை எனக்குப் பிடித்தது. அழிக்க முடியாது, சுவரெழுத்து ஐயா சந்தோஷப்படுவார்.

இங்கே என் கஷ்டம் குளிர். கையுறை போட்டால் பென்சில் வழுக்கும், கழற்றினால் பத்து நிமிஷத்தில் விரல் மரத்துவிடும். நீர்வண்ணம் காயவே காயாது. டஃபடில் பூவும் வந்துவிட்டது, ஹேசல் செடியில் மஞ்சளாகப் பூங்கொத்து வால் வாலாகத் தொங்குகிறது, வரைய ஆசையாக இருக்கும், ஆனால் ஜன்னல் வழியாகத்தான். உங்கள் வெயிலைக் கொஞ்சம் பார்சல் அனுப்புங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். குட்டி பால் குடிக்கும்போது வாலைப் பார்த்தீர்களா? இங்கே தாய்க்கு அடியில் முட்டிமோதிக்கொண்டு வால் மட்டும் மோட்டார் மாதிரி சுழலும். அதை ஒரே கோட்டில் நிறுத்தி வரைந்தால் செத்த வால் ஆகிவிடுகிறது. நான் இப்போது வாலை மட்டும் நாலைந்து மெல்லிய கோடாக விசிறி மாதிரி போட்டுவிடுகிறேன். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

சுவரெழுத்து எழுதியது:

பேனா, சரி. சந்தோஷம்தான்.

குளிர்க்காரி அம்மா, வால் விசிறி நல்ல யோசனை. இன்னொரு வழி, குட்டியின் வாலை விட்டுவிட்டுத் தாயின் தலையை வரைவது. பால் குடிக்கும் குட்டியின் பின்புறத்தைத் தாய் திரும்பி மோந்துகொண்டிருக்கும். மாமல்லபுரம் போனால் கிருஷ்ண மண்டபத்தில் ஒரு பசு இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து பால் கறக்கிறார், பசு தலையைத் தாழ்த்தி முன்னால் நிற்கும் கன்றை நக்குகிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். நக்கும்போது கழுத்துச் சதை எப்படி மடியும் என்பதைச் செதுக்கியவன் கட்டுத்தரையில் உட்கார்ந்து பார்க்காமல் செய்திருக்க முடியாது. பக்கத்திலேயே அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். எல்லோரும் யானையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த மான்தான். சொறிகிற மானை நிற்கச் சொல்லி எவன் வரைந்திருப்பான்?

டீச்சரம்மா கேட்ட முருங்கைக்கு: இலையாகப் பார்க்காதீர்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், புகை மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். பென்சிலைப் படுக்கவைத்துத் திட்டைப் போடுங்கள். ஓரத்தில் மட்டும் பத்துப் பதினைந்து சின்ன வட்ட இலை. போதும். ஒடிந்த கொப்பு ஒன்று கட்டாயம் இருக்கும், அதை மறக்காதீர்கள். ஒடியாத முருங்கை உண்டா?

கட்டுத்தரை எழுதியது:

பத்து நாளாக வர முடியவில்லை, மார்ச் முடிவுக் கணக்கு. இப்போது பங்குனி.

கோழி பொரித்துவிட்டது. பதினொன்றில் எட்டு. கடைசி நாள் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முட்டைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது, கோழி தணிந்த குரலில் பதில் சொல்கிறது. நான் வரைந்தது இரண்டே கோடு. மற்றபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தம்பி, வீடியோவும் எடுக்கவில்லை.

வேப்பங்கொப்பு பதினாலு பக்கம் வந்திருக்கிறது, மொட்டு விட்டாயிற்று. டீச்சர் சொன்ன கோணல் இப்போது கை தானாகப் போடுகிறது. வேலியில் வானத்துண்டுகளை வரைந்ததில் ஒரு துண்டுக்குள் தேன்சிட்டுக் கூடு மாட்டியது. குப்பையும் சிலந்தி நூலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, வேலியை வேலியாகப் பார்த்திருந்தால் சத்தியமாகத் தெரிந்திருக்காது. ஆட்டுக்கு அடையாளம் கட்ட வேண்டாம், அம்மாவுக்கு ஒவ்வொன்றுக்கும் பேர் தெரியும். நான் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டே வரைகிறேன். வால் விசிறியும் போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது. சித்ராவின் குட்டிக்கு மட்டும் வாலே தெரியவில்லை, அது பால் குடிக்கும்போதுகூடத் துள்ளுகிறது.

பசுவை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மாடுதான். நம்ம மாடு இல்ல" என்றார். வலது கொம்பு நுனி இன்னும் உள்ளே திரும்பவேண்டுமாம், இரண்டு நுனியும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி. போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. கன்றை நான் செவலையாகப் போட்டதும் சரியில்லையாம், இன்னும் நாலு மாசத்தில் வெளுக்கப்போகிற செவப்பு வேறு, கடைசிவரைக்கும் நிற்கிற செவப்பு வேறு என்கிறார். அதை எப்படிப் பென்சிலில் காட்டுவது?

அப்புறம் ஒன்று நடந்தது. முந்தாநாள் மத்தியானம் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அந்தக் காரியப் போடு பாக்கலாம்" என்றார். காரி என்றால் அப்பா 2009இல் கண்ணபுரம் சந்தையில் விற்ற கறுப்புக் காளை. அதற்கு போட்டோ கிடையாது. அப்பாவும் இப்போது இல்லை. நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலம், எனக்கு அதன் முகமே ஞாபகம் இல்லை. அம்மா சொல்லச் சொல்லப் போட்டேன். நெற்றி அகலம். கழுத்து குட்டை. இடது காதில் சின்னதாக ஒரு பிளவு, கம்பி வேலியில் கிழித்துக்கொண்டதாம். "தலையத் தாழ்த்தாது. தண்ணி குடிக்கறப்பக்கூட நம்மளப் பாத்துட்டேதான் குடிக்கும்." மூன்று மணியிலிருந்து பால் கறக்கிற நேரம் வரை ஆறு படம். ஆறும் இல்லை என்றார். ஐந்தாவதில் மட்டும் திமிலைத் தொட்டு, "இங்க சரி" என்றார். ராத்திரி சாப்பிடும்போது, "காது இன்னுங் கொஞ்சம் கீழ" என்றார், எதைப் பற்றி என்றே எனக்கு முதலில் புரியவில்லை.

ஏழாவதைப் பெரிய தாளில் போடப்போகிறேன். அவ்வளவு கறுப்புக்கு 2பி பத்தாது, கையிலிருந்த 6பி ஒரு விரல்கடைதான் மிச்சம், இங்கே கடையில் கிடைக்கவில்லை. அடுப்புக்கரியால் போட்டால் நிற்குமா அண்ணா?

சுவரெழுத்து எழுதியது:

அடுப்புக்கரி வேண்டாம். உள்ளே கல் மாதிரி கட்டி இருக்கும், தாளைக் கீறிவிடும்.

புளியங்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள், பென்சில் கனம். கலம்காரி போடுகிறவர்கள் துணியில் முதல் கோடு இழுப்பது அந்தக் கரியால்தான். பட்டையை உரித்து இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பழைய தகர டப்பாவில் அடுக்கி, இடைவெளியில் காய்ந்த மணலைக் கொட்டி நிரப்புங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை. அடுப்பில் கங்குமேல் வைத்தால் ஓட்டை வழியே புகை வரும். புகை நின்றதும் எடுத்துவிடலாம். ஆனால் ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும், நான் இரண்டு டப்பா அப்படி இழந்தேன்.

டிராயிங் நோட்டுத் தாள் வழவழப்பு, கரி பிடிக்காது. கடையில் சாணித்தாள் கேளுங்கள், சொரசொரப்பான பக்கத்தில் போடுங்கள். முடிந்ததும் மேலே ஒரு பட்டர் பேப்பர் போட்டு மூடிவையுங்கள், கை படக்கூடாது.

காரி என்பதற்காக முழுக்கக் கறுப்பாக அப்பிவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் கறுத்த மாட்டின் முதுகில் வானம் விழும், அந்த இடத்தைத் தாளாகவே விட்டுவிடுங்கள். அது எவ்வளவு அகலம் என்று அம்மாவைக் கேளுங்கள்.